பெரியது ஏன் சிறிதாக வருகிறது? பொதுக் காரணிகளையும் பொது மடங்குகளையும் பிள்ளைகளுக்கு வீட்டில் பழக்கும் முறை

ஏழாம் தரத்துப் பிள்ளை ஒன்றிடம் 12, 18 ஆகிய இரண்டு எண்களையும் கொடுத்து, அவற்றின் பொதுக் காரணிகளுட் பெரியதைக் காணச் சொன்னால், அது கொப்பியில் கோடு கீறி, இடப்பக்கத்தில் 2, 3 என்று எழுதி, அடியில் 2, 3 என்று இறக்கி, பிறகு எதை எதனோடு பெருக்குவது என்று தெரியாமல் நம் முகத்தைப் பார்க்கும். 6, 36 ஆகிய இரண்டு விடைகளும் அதன் கைக்கெட்டும் தூரத்திலேயே இருக்கும். எது எதற்குரியது என்பதுதான் தெரியாது. கேள்வியில் "பெரியது" என்ற சொல் இருப்பதால் பெரிய எண்ணான 36 ஐ எழுதிவிட்டு எழுந்துபோன பிள்ளைகள் எத்தனை பேர் என்று, வன்னியில் பல ஆண்டுகள் மாலை வகுப்பு நடத்திய என்னால் எண்ணிச் சொல்ல முடியாது.

இது பிள்ளையின் கவனக்குறைவு அன்று. பெயர்களே அப்படி அமைந்துள்ளன. ஓர் எண்ணின் காரணி அந்த எண்ணை மீறி வளர முடியாது. ஆகவே பொதுக் காரணிகளுட் பெரியது என்பது சிறியவர்களின் கூட்டத்தில் மூத்தது, கொடுத்த எண்களுள் சிறியதைக்கூட அது தாண்டாது. மடங்கோ எண்ணிலிருந்து தொடங்கி முடிவின்றி மேலே போவது. ஆகவே பொது மடங்குகளுட் சிறியது என்பது பெரியவர்களின் கூட்டத்தில் கடைக்குட்டி, கொடுத்த எண்களுள் பெரியதைவிட அது ஒருபோதும் குறையாது. இதனை மனனம் செய்யச் சொல்வதால் பயன் இல்லை. அதற்குப் பதிலாகப் பிள்ளையிடம் இரண்டு கேள்விகளைக் கேட்டுவிட்டுக் காத்திருங்கள்: பொதுக் காரணிகளுட் சிறியதை ஏன் எந்த வினாத்தாளிலும் கேட்பதில்லை? பொது மடங்குகளுட் பெரியதை ஏன் கேட்பதில்லை? முதலாவதன் விடை எந்த எண்களைக் கொடுத்தாலும் 1 தான். இரண்டாவதற்கு விடையே கிடையாது. இதைப் பிள்ளை தானாகக் கண்டுகொள்ள ஒரு வாரம் சென்றாலும் பொறுத்திருக்கலாம், ஏனெனில் கண்டுகொண்ட பிறகு பெயர்கள் அதனைக் குழப்புவது பெரும்பாலும் நின்றுவிடும்.

காரணி, மடங்கு என்ற இரண்டு சொற்களும் ஒரே உறவின் இரு முனைகள் என்பதையும் தொடக்கத்திலேயே பதிய வைக்க வேண்டும். ஒருவர் எனக்கு மாமா என்றால் நான் அவருக்கு மருமகன். அதுபோல 3 என்பது 12 இன் காரணி என்றால் 12 என்பது 3 இன் மடங்கு. பிள்ளை எப்போது ஒரு பக்கத்தைச் சொன்னாலும் மறுபக்கத்தையும் சேர்த்துச் சொல்லப் பழக்குங்கள். வகுத்தால் மீதி வராது என்பதே இரண்டுக்கும் அடி.

இங்கே இன்னொரு சிக்கலையும் சொல்லிவிட வேண்டும். கைபேசியில் கணிதக் காணொளி பார்க்கும் பிள்ளைகளுக்குப் பெரும்பாலும் கிடைப்பவை தமிழ்நாட்டுக் காணொளிகள். அங்கே மீப்பெரு பொதுக் காரணி என்றும், பழைய வழக்கில் மீப்பெரு பொது வகுத்தி என்றும் சொல்வதும், நம் பாடநூலில் பொதுக் காரணிகளுட் பெரியது, சுருக்கமாகப் பொ.கா.பெ., என்று சொல்வதும் ஒன்றே. மீச்சிறு பொது மடங்கு என்பது நம்முடைய பொது மடங்குகளுட் சிறியது, சுருக்கமாகப் பொ.ம.சி., ஆகும், பகா எண் என்பது நம்முடைய முதன்மை எண். கொப்பியின் கடைசிப் பக்கத்தில் இந்தச் சொற்களை எதிரெதிரே எழுதி வைத்தால் போதும், பிள்ளை புதிதாக ஏதோ படிக்க வேண்டியிருக்கிறது என்று அஞ்சாது.

கச்சானில் தொடங்குதல்

கொப்பியைத் திறப்பதற்கு முன் ஒரு சுண்டு கச்சானை, அல்லது புளியங்கொட்டையை, பாயில் கொட்டுங்கள். 24 ஐ எண்ணி எடுத்து, ஒரு நிரையில்கூடக் கூடுதல் குறைவு இல்லாமல் செவ்வகமாக அடுக்கச் சொல்லுங்கள். பனம் பாத்தியில் பனங்கொட்டை அடுக்குவதைக் கண்ட பிள்ளைக்கு இதை விளக்கத் தேவையில்லை. ஒரு நிரையில் 24, இரண்டு நிரையில் பன்னிரண்டு பன்னிரண்டாக, மூன்றில் எட்டு எட்டாக, நான்கில் ஆறு ஆறாக அடுக்கலாம். ஐந்து நிரையில் அடுக்கப் போனால் நான்கு கொட்டைகள் கையில் மிஞ்சும். அடுக்க முடிந்த நிரைகளின் எண்ணிக்கையும் நிரையிலுள்ள கொட்டைகளின் எண்ணிக்கையுமே 24 இன் காரணிகள், மிஞ்சியது மீதி. இதற்குப் பிறகு 23 கொட்டைகளைக் கொடுங்கள். பிள்ளை நெடுநேரம் முயன்று, ஒரே நீள நிரையாகத்தான் வைக்கலாம் என்று சொல்லும்போது முதன்மை எண் என்ற சொல்லைச் சொன்னால் அந்தச் சொல் தங்கும். 36 ஐக் கொடுத்தால் ஆறு நிரையில் ஆறு ஆறாக ஒரு சதுரம் வரும். மற்ற அடுக்குகள் யாவும் இரண்டு வெவ்வேறு காரணிகளைத் தர, சதுரம் மட்டும் ஒரே காரணியைத் தருகிறது. அதனால்தான் சதுர எண்களுக்குக் காரணிகளின் எண்ணிக்கை ஒற்றையாக வருகிறது. கவனித்துவிடும் பிள்ளைகள் உண்டு. கவனிக்காத பிள்ளைக்கு வலிந்து சொல்ல வேண்டியதில்லை.

கொட்டையிலிருந்து கொப்பிக்கு வரும்போது காரணிகளைச் சோடியாக எழுதப் பழக்குங்கள். வரியின் இடக்கோடியில் 1, வலக்கோடியில் 24. அதற்கு உட்புறமாக 2 உம் 12 உம். பிறகு 3 உம் 8 உம். பிறகு 4 உம் 6 உம். 5 சரிவராது, அடுத்ததான 6 ஏற்கெனவே எழுதப்பட்டுவிட்டது. இரு பக்கமும் நடுவில் சந்தித்தவுடன் வேலை முடிந்தது. ஒவ்வொன்றாக நினைவுக்கு வந்தபடி எழுதும் பிள்ளை பெரும்பாலும் தவறவிடுவது அந்த எண்ணையேதான். அதற்கடுத்து 1 ஐ. சோடியாக எழுதினால் இந்த இரண்டும் முதலாவதாகவே வந்துவிடும். வாய்பாடு தளம்பும் பிள்ளையாக இருந்தால் 40 க்கு மேற்பட்ட எண்களைத் தொட வேண்டாம். காரணி காணத் தெரியவில்லை என்று நாம் நினைப்பதில் பாதி, ஏழாம் எட்டாம் வாய்பாடு தெரியாததுதான்.

நில அளவும் நல்ல பயிற்சிக்களம். ஓர் ஏக்கர் 160 பேர்ச். அதன் காரணிகள் 1, 2, 4, 5, 8, 10, 16, 20, 32, 40, 80, 160 என்று பன்னிரண்டு. அரை ஏக்கர், கால் ஏக்கர் என்று பிரித்துக்கொண்டே போனாலும் 5 பேர்ச் வரை முழு எண்ணாகவே வருகிறது; ஆனால் மூன்று பிள்ளைகளுக்குச் சமமாகப் பிரித்தால் வராது. உறுதியில் பேர்ச் ஏன் தசமத்தில் எழுதப்பட்டிருக்கிறது என்று கேட்கும் பிள்ளைக்கு இது விடை.

பொதுக் காரணிக்கு வேலி

இரண்டு எண்களின் காரணிகளைத் தனித்தனி வரியில் எழுதி, இரண்டிலும் உள்ளவற்றை வட்டமிடுவதே முதல் முறை. அது நீளமானது என்று ஆசிரியர்கள் சிலர் ஒதுக்குவார்கள்; நான் ஒதுக்க மாட்டேன். வட்டமிட்ட எண்கள் எல்லாவற்றையும் பிள்ளை கண்ணால் பார்ப்பது அந்த முறையில் மட்டுமே. 24 க்கும் 36 க்கும் வட்டமிட்டால் 1, 2, 3, 4, 6, 12 என்பவை கிடைக்கும். இந்த ஆறு எண்களும் 12 இன் காரணிகள். வேறு எதுவும் இல்லை. பொதுக் காரணிகள் யாவும் அவற்றுள் பெரியதன் காரணிகளே என்ற இந்தச் செய்தியைப் பிள்ளை இரண்டு மூன்று சோடி எண்களில் தானே சரிபார்த்துக்கொண்டால், பின்னர் பெரிய எண்களுக்குப் பொ.கா.பெ. ஒன்றை மட்டும் கண்டு, மற்றப் பொதுக் காரணிகளை அதிலிருந்து எழுதிவிடும்.

இதற்கு நான் வழக்கமாகக் கொடுப்பது வேலிக் கணக்கு. 84 அடி நீளமும் 60 அடி அகலமும் உள்ள வளவைச் சுற்றி, மூலை ஒவ்வொன்றிலும் ஒரு தூண் நிற்குமாறு, எல்லாத் தூண்களையும் சம தூரத்தில் நட்டு முட்கம்பி இழுக்க வேண்டும். மிகக் குறைந்த தூண்களோடு முடிக்க எத்தனை அடிக்கு ஒரு தூண் நட வேண்டும்? தூண்கள் குறைய வேண்டுமானால் இடைவெளி கூட வேண்டும். இடைவெளி 84 ஐயும் 60 ஐயும் மீதியின்றி வகுக்க வேண்டும். ஆகவே அது பொ.கா.பெ. ஆகிய 12 அடி. நீளப் பக்கத்தில் 7 இடைவெளி, அகலப் பக்கத்தில் 5. சுற்றி வர 24. தூண்களும் 24 தான். ஒரு வரிசையில் மரம் நடும் கணக்குக்குப் பழகிய பிள்ளை இங்கேயும் ஒன்றைக் கூட்டி 25 என்று சொல்லும். அப்போது ஈர்க்குத் துண்டுகளை மண்ணில் சதுரமாகக் குத்தி எண்ணிப் பார்க்கச் சொல்லுங்கள்; சுற்றி வந்து தொடங்கிய தூணிலேயே முடிவதால் கூட்டுவதற்கு ஒன்றும் இல்லை.

ஒருமுறை இந்தக் கணக்கைக் கொடுத்தபோது, தகப்பனோடு வேலி அடைத்துப் பழகிய ஒரு மாணவன், பன்னிரண்டு அடிக்கு ஒரு தூண் என்றால் கம்பி தொய்யும், மாடு உள்ளே வந்துவிடும் என்றான். வகுப்பு சிரித்தது. ஆனால் அவன் சொன்னதில்தான் பாடம் இருந்தது. அப்படியானால் வேறு எந்த இடைவெளியில் நடலாம் என்று கேட்டேன். 6 அடி என்றான், தூண்கள் 48 ஆகும் என்றும் கணக்குச் சொன்னான். 5 அடிக்கு நடலாமா என்றால், அகலத்துக்குச் சரிவரும், நீளத்தில் 4 அடி மிஞ்சும். பொதுக் காரணிகளுள் பெரியது மட்டுமே பயனுள்ளது என்று பாடநூற் பயிற்சிகள் பிள்ளைகளைப் பழக்கிவிடுகின்றன. வேலி அடைப்பவருக்கு 4 உம் 6 உம் வேண்டியிருக்கின்றன.

பங்கிடும் கணக்கும் இவ்வகையே. சனசமூக நிலையத்துக்கு 48 கொப்பிகள், 72 பென்சில்கள், 60 பேனைகள் வந்துள்ளன. ஒன்றும் மிஞ்சாமல் ஒரே மாதிரியான பொதிகளாகக் கட்டினால் கூடியது எத்தனை பிள்ளைகளுக்குக் கொடுக்கலாம்? 12 பேருக்கு, ஒவ்வொரு பொதியிலும் 4 கொப்பி, 6 பென்சில், 5 பேனை. வந்தவர்கள் 6 பேர் என்றால் கொடுக்கலாம். 8 பேர் என்றால் பேனையில் தடுக்கும். இந்த இரண்டாவது கேள்வியைத் தவறாமல் கேளுங்கள்.

முற்றத்தில் மடங்கு

மடங்கைக் காலால் பழக்குவது இலகு. முற்றத்து மண்ணைக் கூட்டி, நேர்கோடு ஒன்று கீறி, சம இடைவெளியில் 0 முதல் 36 வரை எழுதுங்கள். ஒரு பிள்ளை மும்மூன்றாகவும் மற்றது நந்நான்காகவும் தாவட்டும். கால் பட்ட இடங்களில் ஒருவர் ஈர்க்கையும் மற்றவர் வேப்பங்கொட்டையையும் வைக்கட்டும். இரண்டும் சேர்ந்து கிடக்கும் இடங்கள் 12, 24, 36. தொடக்கம் 0 ஆக இருக்க வேண்டும் என்பதில் கண்டிப்பாக இருங்கள். 1 இலிருந்து தாவும் பிள்ளை 4, 7, 10 என்று போய் எல்லாவற்றையும் குழப்பிவிடும். துடியான பிள்ளை ஒன்று, 0 இலும் இருவரும் சேர்ந்துதானே நின்றோம், அதுவும் பொது மடங்குதானே என்று கேட்கும். கேள்வி சரியானது. 0 எல்லா எண்களுக்கும் மடங்கு என்பதால், அதைக் கணக்கில் எடுத்தால் எல்லாச் சோடிக்கும் ஒரே விடை வந்துவிடும். ஆகவே அதை விட்டுவிட்டு அடுத்துச் சேரும் இடத்தையே பொ.ம.சி. என்கிறோம்.

பிறகு நான்கு தாவலையும் ஆறு தாவலையும் எடுங்கள். தாவுவதற்கு முன், எங்கே சந்திப்பீர்கள் என்று ஊகித்துச் சொல்லச் சொல்லுங்கள். முதல் விளையாட்டில் 3 ஐயும் 4 ஐயும் பெருக்க 12 வந்ததைக் கண்டதால், பெரும்பாலான பிள்ளைகள் இப்போது 24 என்பார்கள். தாவிப் பார்த்தால் 12 இலேயே சந்தித்துவிடுவார்கள். 4 க்கும் 6 க்கும் 2 என்ற பொதுக் காரணி இருப்பதால் சந்திப்பு முந்திவிடுகிறது; 3 க்கும் 4 க்கும் 1 ஐத் தவிரப் பொதுவாக ஒன்றும் இல்லாததால் பெருக்கம் வரை போக வேண்டியிருந்தது. காரணியும் மடங்கும் ஒன்றையொன்று தொடும் இடம் இதுதான், ஆகவே 6 உம் 9 உம், 8 உம் 12 உம், 5 உம் 7 உம் என்று பல சோடிகளில் ஊகித்துத் தாவ விடுங்கள். இரண்டு எண்களின் பெருக்கம், அவற்றின் பொ.கா.பெ., பொ.ம.சி. ஆகிய இரண்டின் பெருக்கத்துக்குச் சமம் என்ற விதியை நீங்கள் சொல்லாமலே சில பிள்ளைகள் அடைந்துவிடுவார்கள்.

மழைக்காலத்தில் முற்றம் ஈரமாகக் கிடந்தால் சதுரக் கொப்பியில் 1 முதல் 100 வரை பத்துப் பத்தாக எழுதி, 4 இன் மடங்குகளுக்கு ஒரு நிறமும் 6 இன் மடங்குகளுக்கு வேறு நிறமும் பூசலாம். இரு நிறமும் விழுந்த கட்டங்கள் 12, 24, 36, 48, 60, 72, 84, 96.

பெரிய எண்களுக்குத் தாவ முற்றம் போதாது. மனக்கணக்காகச் செய்ய, இரண்டு எண்களுள் பெரியதன் மடங்குகளை ஒவ்வொன்றாகச் சொல்லி, சிறியது அதை மீதியின்றி வகுக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். 20, 25 ஆகியவற்றுக்கு 25, 50, 75, 100 என்று நான்கு படியில் முடிந்துவிடும். பரந்தன் சந்தியிலிருந்து யாழ்ப்பாணப் பக்கம் 20 நிமிடத்துக்கு ஒரு பேருந்தும் முல்லைத்தீவுப் பக்கம் 25 நிமிடத்துக்கு ஒரு பேருந்தும் புறப்படுவதாகவும், காலை 6.30 க்கு இரண்டும் ஒன்றாகப் புறப்பட்டதாகவும் வைத்துக்கொண்டால், அடுத்து ஒன்றாகப் புறப்படுவது 100 நிமிடம் கழித்து, 8.10 க்கு. அந்தச் சந்தியில் நின்று பழகிய பிள்ளை, பேருந்து அப்படி நேரத்துக்கு வராது என்று சொல்லும். ஒப்புக்கொண்டு அடுத்த கணக்குக்குப் போங்கள்.

தமிழில் வரும் ஒரு தடுக்கு இங்கே உண்டு. "மூன்று நாளுக்கு ஒருமுறை" என்பதும் "மூன்று நாள் விட்டு" என்பதும் ஒன்றல்ல. ஒருநாள் விட்டு ஒருநாள் என்றால் இரண்டு நாளுக்கு ஒருமுறை. மூன்று நாள் விட்டு இறைப்பது என்றால் நான்கு நாளுக்கு ஒருமுறை. மிளகாய்க்கு மூன்று நாள் விட்டும், கத்தரிக்கு ஐந்து நாள் விட்டும் இறைக்கிறோம், இன்று இரண்டுக்கும் இறைத்தோம், அடுத்து என்றைக்கு இரண்டு இறைப்பும் ஒரே நாளில் வரும் என்று கேட்டால், 3 ஐயும் 5 ஐயும் எடுத்து 15 என்று சொல்லும் பிள்ளை கணிதத்தில் பிழைவிடவில்லை, வாசிப்பில் பிழைவிட்டது. எடுக்க வேண்டிய எண்கள் 4 உம் 6 உம்; விடை 12 நாள் கழித்து. நாட்காட்டியில் இறைப்பு நாள்களைப் புள்ளியிட்டுக் காட்டினால் இது தெளியும்.

வீட்டில் பஞ்சாங்கம் இருந்தால் வேறொரு கேள்வியும் கேட்கலாம். பிரபவ முதல் அட்சய வரை ஆண்டுகள் ஏன் 60? வியாழன் இராசிச் சக்கரத்தை ஒருமுறை சுற்ற ஏறத்தாழ 12 ஆண்டுகளும், சனி சுற்ற ஏறத்தாழ 30 ஆண்டுகளும் செல்கின்றன. 12, 30 ஆகியவற்றின் பொ.ம.சி. 60. இரண்டும் ஓரிடத்திலிருந்து புறப்பட்டால் ஏறத்தாழ அறுபதாம் ஆண்டில் மறுபடியும் அங்கே சேரும். இந்தக் கணக்கை அம்மப்பாவின் அறுபதாம் கலியாணத்தோடு சேர்த்து நினைவில் வைத்திருக்கும் மாணவி ஒருத்தியை எனக்குத் தெரியும்.

ஏணி வகுத்தல்

முன்னே சொன்ன, கோடு கீறி வகுத்து இறக்கும் முறையைப் பள்ளிக்கூடத்தில் எப்படியும் படிப்பிப்பார்கள். கெட்ட முறை அன்று. முந்திக் கற்பிப்பதே கெடுதல். கொட்டையும் முற்றமும் முடிந்த பிறகு 48, 60 ஐ எடுத்துச் செய்து காட்டுங்கள். 2 ஆல் வகுக்க 24, 30. மறுபடி 2 ஆல் வகுக்க 12, 15. 3 ஆல் வகுக்க 4, 5. இனிப் பொதுவாக வகுக்க ஒன்றும் இல்லை. இடப்பக்கத்தில் நிற்பவை இரண்டு எண்களிலிருந்தும் நாம் உருவி எடுத்த பொதுச் சொத்து; அவற்றின் பெருக்கம் 12, அதுவே பொ.கா.பெ. அடியில் நிற்கும் 4 உம் 5 உம் ஒவ்வொன்றுக்கும் சொந்தமான மிச்சம். பொது மடங்குக்குள் பொதுச் சொத்து ஒருமுறையும் இரண்டு மிச்சங்களும் அடங்க வேண்டும் என்பதால் 12 ஐ 4 ஆலும் 5 ஆலும் பெருக்க 240. "இடப்பக்கம் மட்டும் பெருக்கு, இல்லாவிட்டால் எல்லாவற்றையும் பெருக்கு" என்று சொல்லிக் கொடுப்பதைவிட இந்த விளக்கத்துக்கு இரண்டு நிமிடம் கூடச் செல்லும். ஆனால் மூன்று மாதம் கழித்தும் பிள்ளை மறக்காது.

மூன்று எண்கள் வரும்போது ஏணி சறுக்கும். 6, 10, 15 ஐ எடுங்கள். மூன்றையும் ஒருசேர வகுக்கும் எண் 1 ஐத் தவிர இல்லை, ஆகவே பொ.கா.பெ. 1. இந்த இடத்தில் சில பிள்ளைகள் "இல்லை" என்றோ 0 என்றோ எழுதுவார்கள், அதைத் திருத்துங்கள். பொ.ம.சி. காண்பதற்கு அங்கே நிற்காமல், இரண்டு எண்களையாவது வகுக்கும் எண் உள்ளவரை தொடர வேண்டும். வகுபடாத எண்ணை அப்படியே இறக்க வேண்டும். அவ்வாறு 2, 3, 5 ஆல் வகுத்து முடிக்க விடை 30. நின்றுவிட்ட பிள்ளை மூன்றையும் பெருக்கி 900 என்று எழுதியிருக்கும். பெருக்கம் பற்றிய மேற்சொன்ன விதியும் மூன்று எண்களுக்குப் பொருந்தாது என்பதற்கு இதே உதாரணம் போதும்.

கோடு கீறாமல் பொ.கா.பெ. காணும் பழைய வழியும் ஒன்று உண்டு; கிறித்துவுக்கு ஏறக்குறைய 300 ஆண்டுகள் முன் வாழ்ந்த யூக்கிளிட் எழுதி வைத்தது. இரண்டு எண்களையும் வகுக்கும் எண் அவற்றின் வித்தியாசத்தையும் வகுத்தே தீரும் என்பதுதான் அதன் உயிர். 30 சென்ரிமீற்றரிலும் 21 சென்ரிமீற்றரிலும் இரண்டு ஈர்க்குகளை வெட்டிக்கொடுத்து, நீளமானதிலிருந்து குறுகியதன் அளவை வெட்டி எறியச் சொல்லுங்கள். 30 இல் 21 போக 9. 21 இல் 9 போக 12. மறுபடி 9 போக 3. 9 இல் 3 போக 6. மறுபடி 3 போக 3. இரண்டும் சமமாகிவிட்டன, விடை 3. வகுத்தலுக்குப் பயப்படும் பிள்ளை கழித்தலால் விடைக்கு வந்துவிடுகிறது.

எதைக் கேட்கிறார்கள்?

வசனக் கணக்கில் எது பொ.கா.பெ., எது பொ.ம.சி. என்று தெரிவுசெய்வதே உண்மையான சிரமம். "கூடியது" என்று வந்தால் இது, "மீண்டும் எப்போது" என்று வந்தால் அது எனச் சொல்லைப் பிடித்துத் தெரிவுசெய்யும் குறுக்குவழியைத் தனியார் கல்வி நிலையங்கள் தாராளமாக விநியோகிக்கின்றன. அது ஐந்து கேள்வியில் நான்குக்குச் சரிவரும், ஐந்தாவதில் கைவிடும். நான் பழைய நாட்காட்டித் தாளை எடுத்து, 12 சென்ரிமீற்றர் அகலமும் 18 சென்ரிமீற்றர் நீளமும் உள்ள அட்டைகள் சிலவற்றை வெட்டிக் கொடுப்பேன். முதற் கேள்வி: ஓர் அட்டையை வீணின்றிச் சமமான சதுரங்களாக வெட்டினால் சதுரத்தின் பக்கம் கூடியது எவ்வளவு? இரண்டாவது: முழு அட்டைகளை ஒரே திசையில் அடுக்கிச் சதுரம் ஒன்றை அமைத்தால் அதன் பக்கம் குறைந்தது எவ்வளவு? முதலாவதில் அட்டை துண்டாகிறது, விடை 6. இரண்டாவதில் அட்டைகள் சேர்ந்து வளர்கின்றன, விடை 36. இரண்டு கேள்வியிலும் எண்கள் அவையே, சதுரம் என்ற சொல்லும் அதுவே. கொடுத்ததை வெட்டுகிறோமா, அடுக்குகிறோமா என்று பிள்ளை தன்னைக் கேட்டுக்கொண்டால் தெரிவு பிழைப்பது அரிது. விடை வந்த பிறகு, அது கொடுத்த எண்களைவிடப் பெரிதா சிறிதா, அப்படித்தான் இருக்க வேண்டுமா என்று கேட்பது இரண்டாவது காவல்.

நாளொன்றுக்குப் பத்து நிமிடம் போதும். காலபோக விதைப்பு நாள்களில் அதுவும் கிடைக்காவிட்டால் வாரத்துக்கு மூன்று நாள் போதும். ஒரு வாரம் முழுவதும் பொ.கா.பெ., அடுத்த வாரம் பொ.ம.சி. என்று பிரித்துப் பழக்குவது பிள்ளையைச் சிந்திக்க விடாது. முதல் பத்து நாள்களுக்குப் பிறகு கலந்தே கொடுங்கள். 45 வெற்றிலையையும் 30 பாக்கையும் ஒரே மாதிரித் தட்டங்களில் வைத்தால் கூடியது எத்தனை தட்டம்? 15. ஒருவர் 6 நாளுக்கு ஒருமுறையும் மற்றவர் 9 நாளுக்கு ஒருமுறையும் சந்தைக்குப் போகிறார்கள், இன்று சந்தித்தார்கள், அடுத்து? 18 நாள் கழித்து. கணக்குப் படிக்காத தாயும் தகப்பனும் அருகில் இருந்து பழக்கலாம். மீதி வருகிறதா, வேறு ஏதும் விடுபட்டதா, எப்படித் தெரியும் என்ற மூன்று கேள்விகளுக்கு மேல் அவர்கள் ஒன்றும் கேட்க வேண்டியதில்லை.

இவ்வளவும் கைவந்த பிள்ளைக்கு ஒரு புளியங்கொட்டைக் கணக்கைக் கொடுங்கள். நாலு நாலாக எடுத்தாலும், ஐந்து ஐந்தாக எடுத்தாலும், ஆறு ஆறாக எடுத்தாலும் ஒன்று மிஞ்சுகிறது. ஏழு ஏழாக எடுத்தால் ஒன்றும் மிஞ்சவில்லை. குறைந்தது எத்தனை கொட்டைகள்? மிஞ்சிய ஒன்றை ஒதுக்கி வைத்தால் மற்றவை 4, 5, 6 ஆகிய மூன்றுக்கும் பொது மடங்கு. பொ.ம.சி. 60. எனவே 61, 121, 181, 241 என்று அறுபது அறுபதாகக் கூட்டி, ஒவ்வொன்றையும் ஏழால் வகுத்துப் பார்த்துக்கொண்டே போகும் பிள்ளை 301 இல் வந்து நிற்கும்.